சும்மா நின்ற வண்டியில் ஏறிய சார்ஜ்

"தொண்ணூத்தாறு!"

ஞாயிற்றுக்கிழமை காலை நேரம். சந்தாபுராவில் தான் குடியிருக்கும் அபார்ட்மெண்டின் கார் நிறுத்துமிடத்தில், தன் மின்சாரக் காருக்குள் உட்கார்ந்து இளங்கோவன் இப்படி அலறினார். பேயைப் பார்த்தவர்கூட இவ்வளவு சத்தம் போட்டிருக்க மாட்டார். வாட்ச்மேன் நரேஷ் கையில் தடியோடு ஓடி வந்தான்.

"சார், பாம்பா?"

"பாம்பு இல்லப்பா. தொண்ணூத்தாறு!"

தொண்ணூத்தாறு என்று ஏதாவது ஊர்ந்து போகிறதா என்று நரேஷ் தரையைத் தேடினான். இளங்கோவன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னத் திரையைக் காட்டினார்.

"போன ஞாயித்துக்கிழமை எண்பதுல விட்டுட்டு கவர் போட்டு மூடினேன். வாரம் பூரா வண்டி இந்த இடத்தைவிட்டு நகரல. இன்னிக்குத் திறந்தா தொண்ணூத்தாறு சதவீதம் காட்டுது. சும்மா நிக்கிற வண்டியில சார்ஜ் குறையும். ஏறுமாய்யா?"

நரேஷ் ஏனோ மேலே விட்டத்தைப் பார்த்தான். "நல்லதுதானே சார். ஓசியில வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, கேட்டில் யாரோ கூப்பிட்டதுபோல வேகமாக நடந்தான். கேட்டில் யாரும் இல்லை.

இளங்கோவனின் பேட்டரி பக்தியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாலு வருடம் முன்பு, பெட்ரோல் செலவு மிச்சம் என்றுதான் அந்தக் காரை வாங்கினார். வாங்கிய வாரமே ஆபீஸில் எவனோ ஒருவன், "பேட்டரிக்கு இத்தனை தடவைதான் சார்ஜ்னு ஒரு கணக்கு இருக்கு சார். அது தீர்ந்தா புதுசு போடணும். அதுக்குப் பாதி வண்டி விலை" என்று காதில் போட்டுவிட்டான். அன்றைக்குப் போன தூக்கம்தான். பேட்டரி நீண்ட நாள் வாழ வேண்டுமானால் வண்டி ஓடக்கூடாது என்று முடிவு கட்டினார். திங்கள் முதல் வெள்ளி வரை விடியற்காலையில் எழுந்து, கம்பெனி பஸ்ஸில் கழுத்தைத் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டே வைட்ஃபீல்டுக்குப் போனார். கார் வீட்டில் போர்வை போர்த்திக்கொண்டு சுகமாக நின்றது. ஞாயிறு மட்டும் ஓசூருக்கு பிரியாணி சாப்பிடப் போகும். அதுவும் ஏசி இல்லாமல். பிரியாணி சாப்பிடுவதற்கு முன்பே வியர்த்துவிடும்.

அவருடைய மனைவி யசோதாவும் வைட்ஃபீல்டில்தான், வேறொரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். முறையாகக் கார் ஓட்டப் படித்து லைசென்ஸும் வாங்கியிருந்தாள். "ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். "நீ பிரேக்கை மிதிக்கிற மிதியில பேட்டரிக்கு ஆயுசு குறைஞ்சிடும்" என்று இளங்கோவன் சொல்லிவிட்டார். அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை. ரெண்டு பஸ் மாறிப் போகிறாளே என்று அவருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பேட்டரி இன்னும் பாவமாயிற்றே.

வண்டி சும்மா நின்றாலும் வாரா வாரம் கொஞ்சம் சார்ஜ் குறைந்திருக்கும். சில வாரம் நிறையவே குறைந்திருக்கும். நிற்கிற வண்டியும் ஏதோ குடிக்கும்போல என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். இப்போது ஏறியிருக்கிறதே! உட்கார்ந்த இடத்திலேயே போனை எடுத்துத் தேடினார். கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் யூடியூபில் சாவகாசமாகச் சொன்னார்: "மீட்டர் முன்னுக்குப் பின் முரணா காட்டுதா? உங்க பேட்டரி கிளம்பறதுக்கு மூட்டை கட்டுதுன்னு அர்த்தம்."

லிஃப்ட் வரும்வரைகூடப் பொறுக்காமல் மாடிப்படி ஏறி ஓடினார். சமையலறையில் யசோதா சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"யசோதா, நம்ம கதை முடிஞ்சுது!"

"காபி ஆறுது. குடிச்சிட்டு முடிங்க."

"எண்பதுல விட்ட வண்டி தொண்ணூத்தாறு காட்டுது!"

மிக்ஸி சட்டென்று நின்றது. "ஐயோ, வெள்ளிக்கிழமை..." என்று ஆரம்பித்த யசோதா, தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை விளக்கேத்தினேங்க. அந்தப் புண்ணியமா இருக்கும்."

"விளையாடாத. சாகக் கிடக்கிற மனுஷன் கடைசியா ஒரு தடவை எழுந்து உக்காந்து சோறு கேப்பான் பாரு, அதுதான் இது. பேட்டரி போகப் போகுது. போறதுக்குள்ள வண்டியை வித்துடப் போறேன்."

"விக்கவா?"

கரண்டி கீழே விழுந்தது. யசோதாவின் முகத்தில் ரத்தமே இல்லை. வண்டி போய்விடும் என்ற ஒரு வார்த்தை அவளை அப்படி உலுக்கிவிட்டது. மனைவிக்கும் பேட்டரி மீது இத்தனை பாசமா என்று இளங்கோவனுக்கு நெகிழ்ச்சியாகப் போய்விட்டது.

"அழாத. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"நல்லாத்தானேங்க ஓடுது?"

"உனக்கு என்ன தெரியும்? வாரத்துல ஒரு நாள் பக்கத்துல உக்காந்து வர்ற."

யசோதா கீழே விழுந்த கரண்டியை எடுத்தாள். கழுவி வைத்துவிட்டு மிக்ஸியைப் போட்டாள்.

முதலில் ஓசூர் ரோட்டில் பழைய கார் வாங்கி விற்கும் கடை ஒன்றுக்குப் போன் போட்டார். "கரெண்டு வண்டியா சார்?" என்று கடைக்காரர் துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார். "பேட்டரி டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா? இல்லையா? அப்ப நாலு டயருக்கும் சீட்டுக்கும் ஒரு விலை போட்டுக்கலாம். மத்ததெல்லாம் எடைக்கு." இளங்கோவன் போனை வைத்துவிட்டு ரெண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். இனி நேரடியாக விளம்பரம் போடுவதுதான் வழி.

பழைய கார் விளம்பரங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், இந்த நாட்டில் விற்பனைக்கு வரும் கார் எதையும் எந்த ஆணும் ஓட்டியதே கிடையாது. எல்லாம் பெண்கள் ஓட்டியவை. மெதுவாக, கோயிலுக்கு மட்டும். இளங்கோவனும் இலக்கணம் மாறாமல் எழுதினார்: 'ஒரே ஓனர். லேடி ஓனர். லேடி டிரிவன். பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது. பேட்டரி பிரமாதம்.'

இதில் ஒரே ஓனர், அதுவும் லேடி ஓனர் என்பது மட்டும் நிஜம். பெண்கள் பெயரில் கடன் எடுத்தால் வட்டி கொஞ்சம் குறையும் என்று ஷோரூமில் சொன்னதால், அன்றைக்கு வண்டியை யசோதா பெயரில் பதிவு செய்திருந்தார். பதினெட்டாயிரம் என்பது ஓசூர் பிரியாணியை வைத்து அவராகப் போட்ட உத்தேசம். மீட்டரில் கிலோமீட்டர் ஒரு ஓரமாகப் பொடி எழுத்தில் இருக்கும். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சதவீதம், சதவீதம், சதவீதம்.

அடுத்த ஞாயிறு வண்டியைப் பார்க்க வருவதாக ஆனேக்கல்லிலிருந்து மமதா என்ற பெண் போன் செய்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை நடந்தது. இளங்கோவன் சோபாவில் வாங்க வந்தவராக உட்கார்ந்தார். யசோதா எதிரே நின்றாள்.

"வண்டியை யாரு ஓட்டறது?"

"நான்தான்."

"சிரிக்காம சொல்லு."

"சிரிப்பு வருதுங்க."

"பொய் சொல்லும்போது சிரிச்சா மாட்டிக்குவோம். மறுபடியும் சொல்லு."

"சாமி சத்தியமா நான்தான் ஓட்டறேன்."

"ஏய்! சத்தியமெல்லாம் பண்ணாத. பாவம் என் தலையில விடியும். சரி, வண்டியில எங்கெல்லாம் போவீங்க?"

"தினமும் வைட்ஃபீல்ட்."

"அடச்சே! காரியத்தையே கெடுக்கறியே. தினமும்னா பேட்டரி தேஞ்சிருக்கும்னு நினைப்பாங்க. கோயிலுக்குன்னு சொல்லு."

"கோயிலுக்கு."

"ஓட்டிக் காட்டுங்கன்னு கேட்டா?"

"ஓட்டிக் காட்டறேன்."

"கிழிஞ்சுது. தூண்ல கொண்டுபோய்ச் சாத்துவ. கால் சுளுக்குன்னு சொல்லிடு."

"எந்தக் கால்?"

"ஆக்சிலேட்டர் மிதிக்கிற கால்."

"பிரேக் மிதிக்கிற கால்?"

"அது நல்லா இருக்குன்னு சொல்லு."

"ரெண்டும் ஒரே கால்ங்க."

இளங்கோவன் குனிந்து தன் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மமதா வந்தாள். கூடவே அவள் தம்பி கிரண், கையில் ஒரு சின்னக் கருவியோடு வந்தான். பேட்டரி சோதிப்பதுதான் அவன் தொழிலாம். கிரண் ஸ்டியரிங்குக்குக் கீழே எதையோ செருகிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இளங்கோவன் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.

"பேட்டரி எல்லாம் சூப்பர்மா. குழந்தை மாதிரி..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சார்" என்றாள் மமதா, கன்னடம் கலந்த தமிழில். "லேடி டிரிவன்னு போட்டிருக்கீங்க. ஓட்டறவங்க பேசட்டும். நானு தினா வைட்ஃபீல்ட் ஆஸ்பத்திரிக்குப் போகணும். பஸ்ல போய்ப் போய் சாக்காயிடுச்சு, அலுத்துப்போச்சு. எனக்கு நிஜம் தெரியணும்."

அதற்குள் காருக்குள்ளிருந்து கிரணின் குரல் வந்தது. "அக்கா, பதினெட்டாயிரம்னு போட்டிருந்தாங்கல்ல? இதுல நாப்பத்தஞ்சாயிரம் இருக்கு."

"என்னது!" இளங்கோவன் தலையைக் காருக்குள் விட்டார். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பொடி எழுத்தில் நாற்பத்தைந்தாயிரம் அவரைப் பார்த்து முறைத்தது. சும்மா நின்ற வண்டி கிலோமீட்டரும் ஓடியிருக்கிறது!

"அய்யோ தேவ்ரே!" என்றாள் மமதா. "மீட்டரைக் குறைச்சு வெச்சு ஏமாத்தறவங்களைப் பாத்திருக்கேன். மீட்டரைப் பாக்காமலே ஏமாத்தற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

"மீட்டருக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்மா. சார்ஜும் இப்படித்தான் தானா..." என்று உளறத் தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

யசோதா முன்னால் வந்தாள். "மீட்டர் சரியாத்தான் இருக்கு. தினமும் வைட்ஃபீல்ட் போய்த் திரும்ப அம்பது கிலோமீட்டருக்கு மேல ஆகும். ரெண்டு வருஷமா ஓட்டறேன்."

என்ன சரளமான பொய்! ஒத்திகையில் திணறியவளா இவள்? இளங்கோவனுக்குப் பெருமை தாங்கவில்லை. இருந்தாலும் கொஞ்சம் ஓவராகப் போகிறதே என்று கண்ணைக் காட்டினார். யசோதா அதைக் கவனிக்காமல் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"வாங்க, ஓட்டிக் காட்டறேன்."

"கால்! யசோதா, உன் கால்!"

"சரியாயிடுச்சுங்க."

கருவியை அப்படியே விட்டுவிட்டுக் கிரண் பின்சீட்டுக்கு மாறினான், மமதா முன்சீட்டில் ஏறினாள். ரெண்டு தூணுக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே அந்த வண்டியை வெளியே எடுக்க இளங்கோவன் முன்னும் பின்னுமாக அரைமணி நேரம் போராடுவார். யசோதா ஒரே வளைப்பில் பின்னுக்கு எடுத்து, ஒரே திருப்பில் கேட்டைப் பார்க்க நிறுத்தினாள். இளங்கோவனின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றுவிட்டது. அது போதாதென்று, நரேஷ் பழக்க தோஷத்தில் ஓடிப்போய் கேட்டைத் திறந்து ஒரு சல்யூட் வைத்தான்.

"குட்மார்னிங் மேடம்! ஞாயித்துக்கிழமைகூட ஆபீஸா?"

வண்டி போய்விட்டது. இளங்கோவன் நரேஷின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"எத்தனை நாளாய்யா நடக்குது?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாது சார்! தினமும் காலையில மேடம் வண்டியை எடுப்பாங்க. கூட மூணு பேர் ஏறுவாங்க. சாயங்காலம் கொண்டாந்து விடுவாங்க. கவர் போட நானும் ஒரு பக்கம் பிடிப்பேன். அவ்ளோதான் சார் தெரியும்."

இளங்கோவன் அந்தத் தண்ணீர்த் தொட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கை கூசாமல் தான் எழுதிய 'லேடி டிரிவன்' பொய் அப்படியே நிஜமாக இருக்கிறதே!

வண்டி திரும்பி வந்து, அதே தூண்களுக்கு நடுவே அலுங்காமல் நுழைந்து நின்றது. யசோதா இறங்கினாள். அவள் முகத்தில் கொஞ்சம் பயம் இருந்தது. ஆனால் குற்ற உணர்ச்சி என்று ஒன்றைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

"அந்தத் தொண்ணூத்தாறு?" என்றார் இளங்கோவன், ஈனசுரத்தில்.

"வெள்ளிக்கிழமை ஆபீஸ் சார்ஜர்ல போட்டிருந்தேங்க. மீட்டிங் இழுத்துடுச்சு, எடுக்க மறந்துட்டேன்."

"குறைஞ்ச வாரமெல்லாம்?"

"அந்த வாரம் சார்ஜர் கிடைச்சிருக்காது."

"நான் போடற கவர் முடிச்சு?"

"ரெண்டு நாள்ல பழகிடுச்சு."

இளங்கோவனுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. போன மாதம் கம்பெனி பஸ் பழுதாகி வர்த்தூரில் நின்றபோது, தன்னுடையதைப் போலவே ஒரு கார் பக்கத்தில் பறந்து போயிற்று. கூலிங் கிளாஸ் போட்ட ஒரு பெண் ஓட்டினாள். 'யாரு பெத்த பெண்ணோ, இவ புருஷன் பாவம்' என்று பக்கத்து சீட்காரரிடம் அவரே சொன்னார்.

"வர்த்தூர்ல..."

"நான்தாங்க. பஸ்ல உங்களைப் பாத்ததும் ஜெயலட்சுமி குனிஞ்சுட்டா. ஓட்டிட்டிருக்கும்போது நான் எப்படிக் குனியறது? அதான் அவசரத்துக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன்."

"எதிர் வீட்டு ஜெயலட்சுமியா?"

"ஜெயலட்சுமி, பிரிஸில்லா, ஷில்பா. மூணு பேரும் வைட்ஃபீல்ட்தான். காசெல்லாம் வேண்டாம்னுட்டேன். அவங்கதான் கேக்காம ஆளுக்கு ஒரு நாள் ஏதாவது செஞ்சு கொண்டாந்து தர்றாங்க."

இளங்கோவனுக்குத் தலை சுற்றியது. திங்கட்கிழமை புளியோகரே, புதன்கிழமை மீன் வறுவல், வெள்ளிக்கிழமை தேங்காய்ப்பால் சாதம்! பஸ்ஸில் அலைந்து வந்தும் இத்தனை வகை சமைக்கிறாளே என்று ஆபீஸ் பூரா மனைவியைப் புகழ்ந்து திரிந்தாரே! ரெண்டு வருடமாக அவர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டதெல்லாம் தன் காரின் வாடகையை.

அந்த நேரம் பார்த்துக் கிரண் கருவியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

"ரிசல்ட் வந்துடுச்சு. பேட்டரி ஆரோக்கியம் தொண்ணூத்திமூணு பர்சென்ட். நாலு வருஷ வண்டிக்கு ரொம்ப நல்லா இருக்கு. இன்னும் பல வருஷம் தைரியமா ஓட்டலாம்."

"சாகலையா?" என்றார் இளங்கோவன்.

"யாரு சார்?"

மமதாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எனக்குப் பிடிச்சிருக்கு. கிலோமீட்டர் கூட ஓடினாலும் பரவாயில்ல, ஓட்டினவங்க நல்லா வெச்சிருக்காங்க. வாங்கிக்கறேன்."

இளங்கோவன் எழுந்து நின்றார். பேட்டரி பிழைத்த சந்தோஷம் ஒரு பக்கம், ரெண்டு வருடம் முட்டாளாக இருந்த ஆத்திரம் ஒரு பக்கம். ஆத்திரம்தான் ஜெயித்தது.

"எனக்குத் தெரியாம ஓடின வண்டி எனக்கு வேண்டாம்! எடுத்துக்குங்கம்மா. இன்னிக்கே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"உங்க கையெழுத்து எதுக்கு சார்?" என்றான் கிரண். "ஆர்சி லேடி ஓனர் பேர்லதானே? அவங்க கையெழுத்து போடணும். ஓடிபியும் அவங்க போனுக்குத்தான் வரும்."

மூன்று பேரும் யசோதாவைப் பார்த்தார்கள். யசோதா போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எனக்கு விக்க இஷ்டமில்லைங்க."

வட்டியில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய், வண்டியையே தாரை வார்த்திருக்கிறோம் என்பது நாலு வருடம் கழித்து இப்போதுதான் இளங்கோவனுக்கு உறைத்தது.

மமதாவுக்குக் கோபம் வந்தது. "இஷ்டமில்லாம எதுக்கு ரீ எங்களை வரவெச்சீங்க?"

"தப்புதான். மன்னிச்சுக்குங்க" என்று யசோதா அவள் கையைப் பிடித்தாள். "ஆனா உங்களுக்குத் தினமும் வைட்ஃபீல்ட் போகணும், அவ்வளவுதானே? ஆனேக்கல்லேர்ந்து இங்க வரைக்கும் வந்துடுங்க. நாங்க அந்த வழியாத்தான் போறோம். உங்க ஆஸ்பத்திரி வாசல்லயே இறக்கி விடறேன்."

மமதா கொஞ்சம் யோசித்தாள். தவணை இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, வாசலில் இறக்கம். கோபம் போன இடம் தெரியவில்லை. நாளைக்கே வருகிறேன் என்று சிரித்துக்கொண்டே தம்பியோடு கிளம்பினாள்.

லிஃப்டில் ஏறியதும் இளங்கோவன் கேட்டார். "விக்கிறதில்லன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. ஒத்திகை எல்லாம் எதுக்குப் பார்த்த?"

"சொன்னா சாவியைப் பிடுங்கி வெச்சிருப்பீங்க. அதுவும் இல்லாம, பேட்டரி செத்துடுச்சுன்னு நீங்க அலறினதும் எனக்கும் பயமாயிடுச்சு. ஒருவேளை நான் ஓட்டித்தான் கெட்டுப்போச்சோன்னு. வாங்க வர்றவங்கதானே டெஸ்ட் பண்ண ஆளைக் கூட்டிட்டு வருவாங்க? பாத்துச் சொல்லட்டும்னு சும்மா இருந்தேன்."

பழைய கார் சந்தை முழுவதையும் இவள் ஓசி டாக்டராக வைத்துக்கொண்டிருக்கிறாள்! இளங்கோவன் லிஃப்ட் கண்ணாடியில் தன்னையே வெறித்துப் பார்த்தார். விடியற்காலை பஸ், தொங்கிய கழுத்து, வியர்த்த பிரியாணி, எல்லாம் வரிசையாக வந்து போயின. யாருக்காக இந்தத் தவம்? நாலாவது மாடி வருவதற்குள் அவர் மனம் மாறிவிட்டது. குரலை மென்மையாக்கிக்கொண்டார்.

"சரி விடு. நடந்தது நடந்துபோச்சு. நானும் வைட்ஃபீல்ட்தானே போறேன்? நாளையிலேர்ந்து உன்கூடவே வந்துடறேன்."

யசோதா விரலை மடக்கினாள். ஜெயலட்சுமி, பிரிஸில்லா, ஷில்பா, மமதா. மடக்கி முடித்ததும் உண்மையான வருத்தத்தோடு கணவனைப் பார்த்தாள்.

"சீட் இல்லைங்களே. யாராவது லீவு போட்டா முந்தின நாளே சொல்றேன்."